மடியே முதல் பாட்டு வகுப்பு

(ஹைதராபாதில் நடந்த அங்கத்தினர் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நான் சங்கீத வித்வான் அல்ல, டாக்டரும் அல்ல. திருச்சியில் பி.எஸ்ஸி. பௌதிகம் படித்துவிட்டு, மத்திய அரசின் கணக்குத் துறையில் முப்பத்தெட்டு வருஷம் ஃபைல் பார்த்து ஓய்வு பெற்றவன். யார் எதைச் சொன்னாலும் "வவுச்சர் எங்கே?" என்று கேட்பது எங்கள் தொழில். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. பாட்டும் விளையாட்டும் சேர்ந்தால் குழந்தையின் அறிவு வளரும் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். அதற்கு வவுச்சர் உண்டா, இல்லையா என்பதுதான் இன்று என் பேச்சு. ஆனால் இந்த விஷயத்தில் நான் வெறும் தணிக்கையாளன் இல்லை. குற்றவாளியும் நான்தான். அதை முதலில் ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

எங்கள் மகளும் மாப்பிள்ளையும் மாதாப்பூரில் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறார்கள். காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் இரவுதான் வருவார்கள். பேரன் பகலெல்லாம் பத்மாராவ் நகரில் எங்களிடம் இருப்பான். சாதம் ஊட்ட வேண்டுமென்றால், டம்ளர் மேல் சாய்த்து வைத்த செல்போனில் பாட்டு ஓட வேண்டும். தூங்க வேண்டுமென்றாலும் போன்தான். அந்த ஏற்பாட்டைச் செய்தவன் நான். 'பாட்டுத்தானே கேட்கிறான், மூளைக்கு நல்லதுதானே' என்று எனக்குள் ஒரு திருப்தி வேறு. இருபது மாதம் ஆயிற்று. பையன் மூன்று வார்த்தைக்கு மேல் பேசவில்லை.

குழந்தை டாக்டரிடம் அழைத்துப் போனோம். முதலில் காது கேட்கிறதா என்று பரிசோதனை செய்யச் சொன்னார். செய்தோம். காது நன்றாகவே கேட்டது. பிறகு, "வீட்டில் இவனுக்கு யார் பாடுகிறீர்கள்?" என்று கேட்டார். "போனில் நாலைந்து மணி நேரம் பாட்டு ஓடுகிறது டாக்டர்" என்றேன், பெருமையாகவே. அவர் சிரிக்கவில்லை. "போனுக்கு இவன் முகம் தெரியுமா சார்?" என்று தெலுங்கில் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

அன்று மாலை என் மனைவி தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, பேரனைக் கால்மேல் சாய்த்து வைத்துக்கொண்டு, சாய்ந்தாடும் பாட்டைப் பாட ஆரம்பித்தாள். வேலை முடிந்து வந்த மகள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். "அம்மா, இதெல்லாம் உனக்குத் தெரியுமா? எனக்கு ஏன் பாடவேயில்லை?" என்றாள். என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்து, "ஏன்னா, அன்னிக்கு வேண்டாம்னு சொன்னது நீங்கதானே?" என்றாள்.

உண்மைதான். 1989-ல் மகளை எல்.கே.ஜி.யில் சேர்க்க இன்டர்வியூ. இங்கிலீஷ் ரைம்ஸ் சொன்னால்தான் அட்மிஷன் கிடைக்கும் என்றார்கள். "இந்த ஊரில் தமிழ்ப் பாட்டு எதற்கு? குழந்தை குழம்பிப் போகும்" என்று வீட்டில் நானே உத்தரவு போட்டேன். அப்படியாக ஒரு தலைமுறை நடுவில் விட்டுப்போயிற்று. என் மகளுக்குத் தன் பிள்ளைக்குப் பாட ஒரு பாட்டும் தெரியாமல் போனது இப்படித்தான்.

இனி வவுச்சருக்கு வருகிறேன்.

மோஸார்ட் செய்த மாயம்

1993-ல் அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் ராஷர், ஷா, கை என்ற மூவர் 'நேச்சர்' இதழில் சிறிய கட்டுரை ஒன்று வெளியிட்டார்கள். 36 கல்லூரி மாணவர்கள் மோஸார்ட்டின் இரட்டைப் பியானோ இசையைப் பத்து நிமிஷம் கேட்டார்கள். பிறகு, காகிதத்தை மடித்து வெட்டினால் எப்படி இருக்கும் என்று மனத்தால் பார்க்கும் கணக்குகளைக் கொஞ்சம் நன்றாகப் போட்டார்கள். ஐ.க்யூ. அளவில் சொன்னால் 8, 9 புள்ளி அதிகம். ஆனால் அந்தப் பலன் பத்துப் பதினைந்து நிமிஷத்துக்கு மேல் நிற்கவில்லை என்று கட்டுரையிலேயே எழுதியிருந்தது.

சோதனையில் ஒரு குழந்தைகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். அப்படியிருந்தும் 'மோஸார்ட் கேட்டால் குழந்தை மேதையாகும்' என்று உலகமெங்கும் பரவிவிட்டது. 1998-ல் ஜார்ஜியா மாநில கவர்னர் ஜெல் மில்லர், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இசைத்தட்டு கொடுக்க 1,05,000 டாலர் ஒதுக்கும்படி சட்டசபையைக் கேட்டார். கடைகளில் சி.டி.க்கள் குவிந்தன. என் பிள்ளைக்கு முதல் குழந்தை பிறந்தபோது நானும் ஒன்று வாங்கி நியூஜெர்ஸிக்கு அனுப்பினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

2010-ல் வியன்னா பல்கலைக்கழகத்தினர் அதுவரை நடந்த சுமார் 40 ஆய்வுகளை, 3000-க்கு மேற்பட்டவர்களின் முடிவுகளை, ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். மோஸார்ட்டுக்கென்று தனிச் சக்தி எதுவும் தென்படவில்லை. மோஸார்ட் வாழ்ந்த ஊர்க்காரர்களே இப்படிச் சொன்ன பிறகு நாம் மேல்முறையீடு செய்ய முடியாது!

பாட்டு வகுப்பும் ஐ.க்யூ.வும்

சரி, கேட்பது போதாது, கற்றுக்கொண்டால்? கனடாவில் ஷெல்லன்பர்க் என்ற ஆய்வாளர் 144 ஆறு வயதுக் குழந்தைகளைப் பிரித்து, சிலருக்குக் கீபோர்டு, சிலருக்கு வாய்ப்பாட்டு, சிலருக்கு நாடகம் என்று 36 வாரம் வகுப்பு நடத்தினார். சிலருக்கு ஒன்றும் இல்லை. முடிவு 2004-ல் வெளியாயிற்று. சங்கீதம் கற்றவர்களுக்குச் சராசரியாக 7 புள்ளி ஏறியது. மற்றவர்களுக்கு 4.3. வித்தியாசம் உண்டு, ஆனால் சின்னது. நாடகம் கற்ற குழந்தைகள் பிறரோடு பழகுவதில் முன்னேறினார்கள்.

2013-ல் ஹார்வர்டில் நாலு வயதுக் குழந்தைகளிடம் இரண்டு சோதனைகள் செய்தார்கள். ஆறு வார இசை வகுப்பினால் அறிவுத்திறனில் நம்பத்தக்க பலன் எதுவும் காணவில்லை. 2020-ல் சாலா, கோபே என்ற இருவர் 54 ஆய்வுகளை, ஏறக்குறைய 7000 குழந்தைகளின் கணக்கை, ஒன்றுசேர்த்தார்கள். எந்த ஆய்வு கண்டிப்பாக நடத்தப்பட்டதோ, அதில் பலன் பூஜ்யத்தை ஒட்டி நின்றது.

ஆகவே, "பாட்டுச் சொல்லிக் கொடுங்கள், கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்குவான்" என்று யாராவது சொன்னால், அந்த வவுச்சரை நான் பாஸ் செய்ய மாட்டேன். பாட்டு பாட்டுக்காகவே கற்க வேண்டியது. அது நம் வீடுகளில் யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டிய விஷயமல்ல.

மடியில் நடப்பது வேறு

அப்படியானால் ஒன்றுமே இல்லையா? இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. மேலே சொன்ன ஆய்வுகள் கேட்பதையும் வகுப்பையும் பற்றியவை. கைக்குழந்தையோடு ஒருவர் பாடி ஆடுவது வேறு காரியம்.

கனடாவில் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆறு மாதக் குழந்தைகளை இரண்டு கூட்டமாகப் பிரித்தார்கள். வாரம் ஒரு மணி, ஆறு மாத காலம். முதல் கூட்டத்தில் அம்மாவோ அப்பாவோ குழந்தையோடு சேர்ந்து தாலாட்டும் அபிநயப் பாட்டும் பாடி, கொட்டித் தட்டி விளையாடினார்கள். இரண்டாவது கூட்டத்தில் குழந்தைகள் பொம்மைகளோடு விளையாட, பின்னால் குழந்தை இசை சி.டி. ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வயதானபோது முதல் கூட்டத்துக் குழந்தைகள் கையை நீட்டிக் காட்டுவது, டாட்டா காட்டுவது போன்ற சைகைகளில் முந்தியிருந்தன. அதிகம் சிரித்தன. புதிய சூழ்நிலையில் குறைவாக அழுதன. 2012-ல் வந்த முடிவு இது. பேச்சுக்கு முந்திய படி இந்தச் சைகைகள்தான். சி.டி. கூட்டத்தைப் படித்தபோது எனக்கு எங்கள் டம்ளரும் செல்போனும்தான் ஞாபகம் வந்தது.

2016-ல் அமெரிக்காவில் ஸியாட்டிலில் ஒன்பது மாதக் குழந்தைகள் 39 பேரை வைத்து இன்னொரு சோதனை நடந்தது. ஒரு மாதத்தில் 12 தடவை, தடவைக்கு 15 நிமிஷம். பாதிப் பேர் பெற்றோருடன் மூன்று மாத்திரைத் தாளத்துக்குத் தட்டி ஆடினார்கள். மற்றவர்கள் பொம்மைக் கார்களோடு இசையில்லாமல் விளையாடினார்கள். பிறகு மூளையின் காந்த அலைகளை அளந்தபோது, தாளம் தவறிய இடத்தை முதல் கூட்டத்தின் மூளை சட்டென்று கவனித்தது. ஆச்சரியம் என்னவென்றால், பேச்சு ஒலியில் வந்த தவறையும் கவனித்தது. அடுத்து என்ன வரும் என்று எதிர்பார்க்கும் பழக்கம் பாட்டிலிருந்து பேச்சுக்கும் தாவியிருக்கிறது என்று பொருள்.

உடம்பு அசைவதும் இதில் முக்கியம். 2005-ல் மக்மாஸ்டரில் ஏழு மாதக் குழந்தைகளுக்கு அழுத்தமே இல்லாத ஒரு தாளத்தை இரண்டு நிமிஷம் கேட்க வைத்தார்கள். சிலரை இரண்டு தட்டுக்கு ஒரு முறையும், சிலரை மூன்று தட்டுக்கு ஒரு முறையும் தூக்கிக் குலுக்கினார்கள். பிறகு, தான் எப்படிக் குலுக்கப்பட்டதோ அந்த நடையில் வரும் தாளத்தையே குழந்தை விரும்பிக் கேட்டது. கண்ணைக் கட்டினாலும் அப்படியே. மற்றவர் குதிப்பதை வெறுமனே பார்த்த குழந்தைக்கு இது வரவில்லை. ஆகவே தாளத்தைக் காதும் உடம்பும் சேர்ந்துதான் கற்கின்றன. பாட்டி கால்மேல் போட்டு ஆட்டினாளே, அது வெறும் பொழுதுபோக்கு அல்ல.

குணத்துக்கும் ஒரு வவுச்சர் உண்டு. 2014-ல் பதினாலு மாதக் குழந்தைகளை, எதிரில் நிற்பவரோடு ஒரே தாளத்தில் குதிக்க வைத்தார்கள். பிறகு அந்த மனிதர் கைதவறிப் பொருள்களைக் கீழே போட்டபோது, தாளம் சேர்ந்து ஆடிய குழந்தைகளே அதிகமாக எடுத்துக் கொடுத்தன. சேர்ந்து பாடுகிறவர்களுக்குள் ஒரு பந்தம் ஏற்படுகிறது என்பது பஜனை கோஷ்டியில் உட்கார்ந்த நம் எல்லோருக்கும் அனுபவம். ஒன்றேகால் வயதுக்குள்ளேயே அது தொடங்கிவிடுகிறது.

பருப்பு கடையும் பாடம்

இதையெல்லாம் படித்துவிட்டு நம் வீட்டு விளையாட்டைப் பார்த்தேன். பருப்பு கடையும் விளையாட்டு எல்லோருக்கும் தெரியும். குழந்தையின் உள்ளங்கையில் நம் முழங்கையை வைத்துக் கடைந்து, ஒவ்வொரு விரலுக்கும் ஒரு உறவின் பெயர் சொல்லிப் பங்கு கொடுத்து, கடைசியில் நண்டு ஊர்ந்து ஊர்ந்து போய் அக்குளில் கிச்சுக்கிச்சு மூட்டும். இதில் ஐந்து வரை எண்ணிக்கை இருக்கிறது. விரல்கள் இருக்கின்றன. அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி என்று உறவுமுறை இருக்கிறது. முக்கியமாக, காத்திருப்பு இருக்கிறது. மூன்றாம் நாள் விளையாடிப் பாருங்கள். நண்டு முழங்கையைத் தாண்டுவதற்குள் குழந்தை கழுத்தைச் சுருக்கிக்கொண்டு சிரிக்கும். என்ன வரப்போகிறது என்று அதற்குத் தெரிந்துவிட்டது! அறிவு வளர்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க இதைவிட நல்ல ஆய்வுக்கூடம் எனக்குத் தெரியவில்லை.

பாடும்போது ஒரு சிறு யுக்தி. பழகின பாட்டில் கடைசிச் சொல்லுக்கு முன் நிறுத்திவிட்டு, குழந்தையின் முகத்தைப் பாருங்கள். முதலில் கையை ஆட்டும். பிறகு ஒரு ஒலி எழுப்பும். ஒருநாள் அந்தச் சொல்லே வரும். போன் ஒருநாளும் நிறுத்திக் காத்திருக்காது.

கேட்பதே வீண் என்று நான் சொல்லவில்லை. 2005-ல் வந்த ஒரு ஆய்வில், ஐந்தும் ஏழுமாக வரும் பால்கன் நாட்டுத் தாளங்களில் நேரும் பிசகை ஆறு மாத வட அமெரிக்கக் குழந்தைகள் கண்டுகொண்டன. அவர்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு அது பிடிபடவில்லை. ஒரு வயதில் குழந்தைகளுக்கும் அந்தத் திறமை மங்கத் தொடங்கியது. ஆனால் இரண்டு வாரம் வீட்டில் அந்த இசையைக் கேட்க வைத்தால் திரும்பி வந்தது. நம் மிச்ர சாபு மூன்றும் நாலும் சேர்ந்த ஏழுதானே? 'தகிட தகதிமி' என்று தொடையில் தட்டிக் காட்ட மூன்று வயதுவரை காத்திருக்க வேண்டாம். மடியில் இருக்கும்போதே தட்டலாம்.

ரேடியோ அண்ணய்யா

கருவி வந்ததால்தான் கெட்டது என்றும் சொல்ல முடியாது. அதற்கு நம் ஹைதராபாதே சாட்சி. இங்குள்ள மூத்த தெலுங்கு நண்பர்களிடம் ரேடியோ அண்ணய்யா, ரேடியோ அக்கய்யா என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலரும். நியாயபதி ராகவராவும் அவர் மனைவி காமேஸ்வரியும்தான் அவர்கள். சென்னை வானொலியில் குழந்தைகள் நிகழ்ச்சி நடத்தினார்கள். 1940-ல் ஆந்திர பாலானந்த சங்கத்தைத் தொடங்கினார்கள். ஆந்திரப் பிரதேசம் உருவான 1956-ல் ஹைதராபாத் வந்து இங்கே தொண்டு செய்தார்கள். ரேடியோ என்பது உட்கார்ந்து கேட்கும் கருவி. அவர்களோ குழந்தைகளையே அழைத்து வந்து, பாட வைத்து, நடிக்க வைத்தார்கள். கேட்கும் கருவியைப் பாடும் கருவியாக மாற்றினார்கள். தமிழில் அழ. வள்ளியப்பா இந்தியன் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே குழந்தைகள் வாய்விட்டுப் பாடும்படி ஆயிரக்கணக்கில் பாட்டு எழுதினார். ஆபீஸ் வேலை இருந்தது என்று நாம் சாக்குச் சொல்ல இடமில்லை.

பல ஊர்களில் இருக்கும் அங்கத்தினர்களுக்கு ஒரு கேள்வி எழும். "பேத்தி ஸிட்னியில், நான் நங்கநல்லூரில். மடிக்கு எங்கே போவது?" 2014-ல் இதற்கும் ஒரு வழி தெரிந்தது. இரண்டு முதல் இரண்டரை வயதுக் குழந்தைகள், பதிவு செய்த வீடியோவிலிருந்து புதுச் சொல்லைக் கற்கவில்லை. ஆனால் நேருக்கு நேர் பேசும் வீடியோ அழைப்பில் கற்றன. எதிரில் இருப்பவர் தன்னைப் பார்த்துப் பதில் சொல்கிறார் என்பது குழந்தைக்குத் தெரிகிறது. ஒரு எச்சரிக்கை: இணையத்தில் ஒலி சற்றுத் தாமதமாக வரும். சேர்ந்து கைதட்டினால் தாளம் முட்டிக்கொள்ளும். நீங்கள் ஒரு அடி, குழந்தை ஒரு அடி என்று மாற்றி மாற்றிப் பாடுங்கள். நியூஜெர்ஸி பேத்தியிடம் இப்படித்தான் நடக்கிறது. தாளம் தவறினால் திருத்துபவள் அவள்தான்.

இன்னும் இரண்டு வார்த்தை. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது: ஒரு வயது முடியும்வரை திரையே வேண்டாம், இரண்டு வயதுவரையிலும் கூடாது, அதன் பின் நாலு வயதுவரை ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. இரண்டாவது, குழந்தை பேசத் தாமதித்தால் "பாட்டுப் பாடினால் சரியாகிவிடும்", "இவன் அப்பாவும் இப்படித்தான் லேட்டாகப் பேசினான்" என்று காத்திருக்க வேண்டாம். ஒன்றரை வயதில் வார்த்தைகள் வராவிட்டால் டாக்டரைப் பாருங்கள். முதலில் காதைச் சோதியுங்கள். பாட்டு மருந்து அல்ல.

எங்கள் பேரன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். இப்போது வாயை மூடுவதில்லை! தமிழ், தெலுங்கு, இங்கிலீஷ் மூன்றும் கலந்து பேசுகிறான். ஆனால் அந்தப் பெருமையைப் பாட்டின் கணக்கில் வரவு வைக்க எனக்கு அதிகாரமில்லை. போனை நிறுத்தினோம், முகம் பார்த்துப் பேசினோம், வயதும் ஏறியது. தானாகவே பிறகு பேசிவிடும் குழந்தைகளும் உண்டு. ஒரே பையனை வைத்து முடிவு கட்டினால் அது ஆராய்ச்சி ஆகாது, தாத்தாவின் கர்வம்தான் ஆகும்.

எனக்குத் தெரிந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். என் மனைவி நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, ஞாபகத்திலிருந்து பதினோரு பாட்டுகள் எழுதினாள். இரண்டில் நடு அடிகள் மறந்துபோயிருந்தன. கும்பகோணத்தில் இருக்கும் அவள் அக்காவுக்குப் போன் போட்டோம். எண்பத்திரண்டு வயது. ஒன்றை முழுதாகப் பாடிக் காட்டினார். இன்னொன்று அவருக்கும் வரவில்லை. "அம்மாவுக்குத் தெரியும்டி" என்றார். அந்த அம்மா போய் இருபது வருஷம் ஆயிற்று. அந்த ஒரு பாட்டு இனி யாரிடமும் இல்லை.

ஆகவே எல்லா ஊர் அங்கத்தினர்களுக்கும் என் விண்ணப்பம் இதுதான். உங்கள் அம்மாவும் அத்தையும் பாட்டியும் மடியில் வைத்துப் பாடியதை இந்த மாதமே எழுதி வையுங்கள். ராகம் மறக்காமலிருக்க ஒருமுறை பதிவும் செய்து கொள்ளுங்கள். ஆனால் அந்தப் பதிவைக் குழந்தைக்குப் போட்டுக் காட்டாதீர்கள். நீங்கள் கற்றுக்கொண்டு நீங்களே பாடுங்கள். குரல் நன்றாயில்லையே என்று தயங்க வேண்டாம். ஒரு வயதுக் குழந்தை சபாவில் விமரிசனம் எழுதப் போவதில்லை.

எங்கள் வீட்டில் இப்போது என் மகள் அந்த நோட்டைப் பார்த்துப் பாடுகிறாள். முப்பத்து மூன்று வருஷம் தாமதமாக நான் திரும்பப் பெற்ற உத்தரவு அது.